இடது கைக்குழியில் ஒரு ஒட்டு

இடது கம்கட்டில் (அக்குளில்) சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. வலிக்கவில்லை, நானும் மதிக்கவில்லை. திண்டிவனத்தில் தையல்கடை வைத்திருப்பவள் நான். பிளவுஸ் இறுக்கிப் பிடித்தால் தையலைப் பிரித்து, கைக்குழியில் ஓர் ஒட்டுத்துணி வைத்துக்கொள்ளத் தெரியாதா?

கட்டி எலுமிச்சை அளவாகித் தோல் புண்ணான பிறகுதான் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எத்தனை நாளாக என்று கேட்டார்கள். திட்டு விழுமே என்று மூன்று மாதம் என்றேன்.

பயாப்சியில் (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று வந்தது. மார்பகத்திலிருந்து பரவியதாக இருக்கலாம் என்றார்கள். ஸ்கேன்களில் மார்பில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருக்கும், மார்பை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். நோயே தெரியாத மார்பை எடுப்பதா?

அதற்கு முன் புண்ணைக் காட்ட, தோல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, நான் கழற்றி வைத்த பிளவுஸையும் எடுத்துப் பார்த்தார்.

"இந்த ஒட்டு வெளுத்துப் போயிருக்கே. உண்மைய சொல்லுங்க, எத்தினி வருஷமா இருக்குது?"

மாட்டிக்கொண்டேன்.

"பொண்ணு சடங்குக்குத் தைச்சது மேடம். ஏழு வருஷம் ஆவுது."

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்டயும் மூணு மாசம்னுதான சொல்லிக்கினு இருந்த!"

டாக்டர் திட்டவில்லை. பரவி வந்த நோய் ஏழு வருஷம் இப்படி ஒரே இடத்தில் மெதுவாக வளர்வது அபூர்வம் என்றார். தோலின் வியர்வைச் சுரப்பியிலேயே தொடங்கும் புற்றுநோய் ஒன்று உண்டாம். நுண்ணோக்கியில் அச்சு அசலாக மார்பகப் புற்றுநோய் மாதிரியே இருக்குமாம். கட்டியை முழுதாக எடுத்துச் சோதிப்போம், அதுவரை மார்பில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று மற்ற டாக்டர்களிடமும் பேசினார்.

கட்டியையும் பக்கத்து நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. அந்தத் தோல் டாக்டரே சொன்னார்.

"தோல்லயே பொறந்ததுதாம்மா. எங்கியும் பரவல. முழுசா எடுத்தாச்சு. மார்புல ஒண்ணுமில்ல."

வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுது முடித்ததும் அப்படி ஒரு பசி. மூன்று தோசை சாப்பிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எத்தனை வருஷம் என்று டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். என் பொய் என் மார்பைக் கொண்டுபோகப் பார்த்தது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். கையைத் தூக்கினால் தழும்பு இழுக்கிறது. முன்பெல்லாம் அரக்கப்பரக்கக் குளித்துவிட்டு ஓடுவேன். இப்போது நின்று, மார்பை நிதானமாகத் தடவிப் பார்க்கிறேன். கடை பத்து நிமிடம் தாமதமாகத்தான் திறக்கிறது. திறக்கட்டும். இரண்டும் இருக்கின்றன.