முட்டை வண்டியில் யார் முறை

செய்தி வந்தபோது நான் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். கைப்பேசியை அணைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று நான் அணைக்கவில்லை. கௌதமனின் மனைவி லோகநாயகிதான் அழைத்தார். "மேடம், அவரு காலையில போயிட்டாரு. பல்லு வெளக்கிக்கினு இருந்தாரு. அப்படியே உக்காந்துட்டாரு." பிறகு சொன்னார்: "காலேஜுக்கு நீங்களே சொல்லிடுங்க. அங்க ஒருத்தர்கிட்ட நான் பேசமாட்டேன். யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். இயற்பியல் துறையில் பாடம் நடத்திய கௌதமனை அறிந்த உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கல்லூரி அரங்கில் இரங்கல் கூட்டம் நடந்தது. பதாகையில் அவர் படத்தைப் பெரிதாக்கியபோது முகம் அகலமாகி வேறு யாரோபோல ஆகியிருந்தது. "எளிமையின் சிகரம்" என்று கீழே அச்சடித்திருந்தார்கள். வாயிலில் போண்டாவும் காபியும். அன்றைக்கு அவருடைய துறைத்தலைவராக இருந்து, இன்று நம் முதல்வராக இருப்பவர் கடைசியாகப் பேசினார். "அவருடைய அந்தப் பழைய வண்டியில் நாகார்ஜுனகொண்டா வரை பயணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வழியில் கழிவறை அசுத்தமானபோது, ஒரு பேராசிரியர், தன் கையாலேயே அதைச் சுத்தம் செய்தார். அப்பேர்ப்பட்ட பணிவு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன். கையிலிருந்த போண்டாவைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

முதல்வர் நாகார்ஜுனகொண்டாவுக்கு வரவில்லை. சூளூர்ப்பேட்டையைக்கூடத் தாண்டவில்லை. கௌதமன் அந்த வண்டியைக் கழுவியதற்கும் பணிவுக்கும் சம்பந்தமில்லை. நடந்தது என்ன என்பதை நான் உடனிருந்து பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் துறைமுகக் கிடங்கு ஒன்றில் பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். எப்போதோ தரைவழியாக வந்த வெளிநாட்டுத் தம்பதி விட்டுவிட்டுப் போன இழுவண்டி அதில் ஒன்று. இரண்டு சக்கரம், அலுமினிய உடம்பு, உள்ளே படுக்க, சமைக்க, ஒதுங்க எல்லாவற்றுக்கும் இடம். காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போக வேண்டும். பழைய இரும்பு வியாபாரி அதை உடைத்துத் தகடாக விற்க இருந்தார். கௌதமன் எடுத்துக்கொண்டார். திருவொற்றியூரில் மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையின் பின்முற்றத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் வடிவத்தைப் பார்த்துத் தெருப்பிள்ளைகள் முட்டை வண்டி என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

முதல் நாள் அதன் கதவைத் திறந்தபோது நான் இருந்தேன். லோகநாயகியும் நானும் ஒரே தெரு. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மெத்தைக்குள் எலிகள் குட்டி போட்டிருந்தன. கூரையிலிருந்து புறாவின் எச்சம் படலம் படலமாகத் தொங்கியது. பக்கத்துக் கிடங்கின் மீன்தூள் எப்படியோ உள்ளே புகுந்து ஈரத்தில் ஊறிக் களியாகியிருந்தது. நான் முற்றத்தின் மறுகோடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். கௌதமன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, "மோசமில்ல மேடம், நம்ம ஸ்டாஃப் ரூமைவிடப் பரவாயில்ல" என்றார்.

அதை இழுக்க ஒரு கார் வேண்டும். ராயபுரத்தில் ஒரு வைத்தியர் வீட்டுக் கொட்டகையில் ஐம்பதுகளின் கிங்ஸ்வே கார் ஒன்று கிடந்தது. வைத்தியரின் மகன்கள் அதில் கோழி வளர்த்தார்கள். கோழிகளை இறக்கிவிட்டு வாங்கினார். அதற்குப் பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்த முற்றத்தில்தான் போயின. காரின் எஞ்சினை அவரே பிரித்து மாட்டினார். இழுவண்டியின் ஒழுகலை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. காசிமேட்டில் படகு கட்டும் எத்திராஜைக் கூட்டிவந்தார்.

எத்திராஜுக்குத் தெரிந்தது படகு. பருத்தி நூலைக் குங்கிலிய எண்ணெயில் தோய்த்து, ஒவ்வொரு இடுக்கிலும் உளியால் அடித்து இறக்கினார். கழிவறைத் தரையில் தண்ணீர் போவதற்கென்று வெள்ளைக்காரன் விட்டிருந்த துவாரத்தையும் மரக்கட்டை வைத்து அடைத்தார்.

"அது தண்ணி வெளிய போறதுக்குண்ணே" என்றார் கௌதமன்.

"ஓட்டைன்னா ஓட்டைதான் சார். வெளிய போற வழியா உள்ள வராதா? நாளைக்கு நடுக்கடல்ல மாட்டிக்கினா இன்னா செய்வ?"

"இது ரோட்டுல போறது."

"மழைக்கு ரோடு எது, கடல் எது நம்மூர்ல?"

துவாரம் அடைபட்டே இருந்தது.

இந்த வண்டி எதற்கு என்று பலர் கேட்டார்கள். பழைய கார்களை வைத்து ஊர்வலம் போகும் பணக்காரர்களின் சங்கத்தில் சேரப் பார்க்கிறார் என்று நம் ஆசிரியர் அறையில் பேசினார்கள். காரணம் அவருடைய அம்மா. ராணியம்மாள் வியாசர்பாடிக் குடியிருப்பில் இருந்தார். ராயபுரத்தில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்த காலத்தில் பல வீடுகளின் வாளிகளைத் தலையில் சுமந்தவர். கணவர் பௌத்தம் தழுவியவர். ஆந்திராவில் அணைநீருக்கு நடுவே பழைய பௌத்த மடங்களின் மிச்சம் இருக்கும் நாகார்ஜுனகொண்டாவைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ராணியம்மாளுக்கு ஆசை. ஆனால் சர்க்கரை நோய். அடிக்கடி ஒதுங்க வேண்டும். பேருந்தில் அது நடக்காது. ரயிலில் அந்தக் கக்கூஸுக்குள் காலை வைக்க மாட்டேன் என்றார்.

வண்டி தயாரானதும் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினார். ராணியம்மாள் சின்னக் கதவைத் திறந்து, பலகையைத் தூக்கி, அடியிலிருந்த வாளியைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, படுக்குற வூட்டுக்குள்ளயே இதை வச்சிக்கினு ஊர் சுத்தப் போறியா? கலீஜா இல்ல?"

"மூடி இருக்கும்மா. வெளிப்பக்கமா எடுத்துக்கலாம்."

"யாரு எடுக்கறது?"

ராணியம்மாளே சொன்னார்: "நான் ஏறணும்னா ஒண்ணு. இத்தக் கூலிக்கு எவனும் தொடக்கூடாது. ஏறுறவங்க எல்லாம் முறை வச்சி எடுக்கணும். நீ, உன் பொண்டாட்டி, டீச்சரம்மா, எவன் வந்தாலும். என்னை உடு, நான் எடுத்த வரைக்கும் போதும். எவனாச்சும் கூலிக்கு ஆள் இட்டாந்தா நான் எறங்கிக்குவேன்."

என்னையும் அழைத்தார்கள். இருபது வருடம் நாகார்ஜுனகொண்டாவைப் பாடமாக நடத்தியவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இருந்தாலும் தயங்கினேன். எனக்கு அருவருப்பு அதிகம் என்று கௌதமனிடம் சொன்னேன். "இருக்கட்டும் மேடம், எனக்கும்தான் இருக்கு. அதை நாமளே வச்சிக்குவோம். இன்னொருத்தர் கையில குடுக்க வேணாம்" என்றார்.

துறைத்தலைவர் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். வழியில் நெல்லூரில் அவர் போக வேண்டிய ஒரு கல்யாணம். பிறகு அணைக்கட்டும் பார்த்ததாயிற்று. நிபந்தனையைக் கௌதமன் அவரிடம் தெளிவாகச் சொன்னார். "ஓ, காந்திய வழி. பேஷ்" என்றார் அவர். மனைவி, இரண்டு பெட்டி, தலையணை, வெள்ளிக் கூஜாவோடு வந்தார்.

அரையாண்டு விடுமுறையில் புறப்பட்டோம். கார் மெதுவாகத்தான் போகும். "இழுக்குற வண்டிக்கு அவசரம் ஆகாது" என்பார் கௌதமன். மீஞ்சூர் தாண்டும்வரை லாரிக்காரர்கள் பக்கத்தில் வந்து, "இன்னா மாமு, முட்டை எங்க டெலிவரி?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ராணியம்மாள் காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கையசைத்தார். முதல் நாள் வாளி துறைத்தலைவரின் முறை. பெயர் எழுதிய சீட்டைத் தானே குலுக்கி எடுத்து, சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காட்டினார்.

சூளூர்ப்பேட்டைக்குச் சற்று முன்னால் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளத்தில் இழுவண்டியின் சக்கரம் இறங்கி வெடித்தது. அந்த ஆட்டத்தில் வாளி கவிழ்ந்தது. காலையிலிருந்து ஆறு பேர் உபயோகித்த வாளி. எத்திராஜின் வேலை சுத்தமான வேலை. ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. கழிவறையிலிருந்து சமையல் மேடையின் கீழ்வரை, படகுக்குள் ஏறிய தண்ணீர்போல, தேங்கி நின்றது. அந்த நாற்றத்தை விவரிக்க மாட்டேன். வெயில் வேறு.

கௌதமன் சக்கரத்தைக் கழற்றி, அந்த வழியே வந்த ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனார். "வந்து எல்லாருமா சேர்ந்து பாத்துக்கலாம் சார்" என்று துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். துறைத்தலைவர் டீ குடித்துவிட்டு வருவதாக ஊருக்குள் போனார். வரும்போது கூட ஒரு மனிதர். நடுவயது, கையில் விளக்குமாறும் தகர டப்பாவும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இழுவண்டியின் படியில் கால் வைத்ததை, சாலை ஓரம் உட்கார்ந்திருந்த ராணியம்மாள் பார்த்துவிட்டார்.

"நில்லுபா. உன்னை யாரு இட்டாந்தது?"

அந்த மனிதர் துறைத்தலைவரைக் காட்டினார். ராணியம்மாள் துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காரிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டார். "லோகு, நான் மெட்ராஸ் பஸ்ஸு புடிச்சிக்கிறேன். அவன் வந்தா சொல்லு" என்று சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றார். லோகநாயகி பின்னாலேயே ஓடினார். நான் படிக்குக் குறுக்கே நின்றுகொண்டேன். வேறொன்றும் தோன்றவில்லை.

கௌதமன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். எதிர்ப்பக்கம் பையோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். விளக்குமாற்றைப் பார்த்தார்.

"பத்து நிமிஷ வேலை கௌதமன்" என்றார் துறைத்தலைவர். "நமக்கு எதுக்கு? அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்."

அவர் யாருடைய மகனிடம் இதைச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

"சார், நீங்க இறங்கிக்கங்க."

"நான் கீழேதானே நிக்கறேன்?"

"உங்க பெட்டியைச் சொன்னேன் சார்."

இரண்டு பெட்டி, தலையணை, கூஜா எல்லாவற்றையும் கௌதமனே காரின் டிக்கியிலிருந்து எடுத்துச் சாலையோரம் வரிசையாக வைத்தார். குரல் உயரவில்லை. அந்த மனிதரிடம் திரும்பி, "மன்னிச்சிக்குங்கண்ணே. உங்களைக் கூப்பிட்டது இவரு. கூலியை இவருகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க" என்றார். கூலி கேட்கப்பட்டது, தகராறாகக் கேட்கப்பட்டது. துறைத்தலைவரின் மனைவி கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு, "ரயில்ல போலாம்னு நான் தலைதலையா அடிச்சிக்கிட்டேன்" என்று கணவரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவர்களை ஏற்றிக்கொண்டு போன பேருந்து கிளம்பும்வரை கௌதமன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதல்வர் மேடையில் சொன்ன "தன் கையாலேயே" இதற்குப் பிறகு நடந்தது. அது கௌதமனின் முறையே அல்ல. முறைக்கு உரியவர் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். கௌதமன் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, எத்திராஜ் அடைத்த கட்டையைச் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தார். கீழே தோண்டிய குழிக்குள் எல்லாம் இறங்கியது. லோகநாயகி தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க, நான் பினாயில் ஊற்றித் தேய்த்தேன். குமட்டிக்கொண்டே தேய்த்தேன். கௌதமனுக்கும் குமட்டியது, மறைக்கவில்லை.

ராணியம்மாள் எதிர்ப்பக்கம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். மெட்ராஸ் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து போயின. எல்லாம் முடிந்தபின் சாலையைக் கடந்து வந்து, படியில் ஏறி, குனிந்து தரையை முகர்ந்தார்.

"நாறுதுதான்" என்றார். பிறகு, "சரி, வண்டியை எடு."

நாகார்ஜுனகொண்டாவில் அவர் அதிகம் பேசவில்லை. படகிலிருந்து இறங்கி, செங்கல் மேடுகளைச் சுற்றி நடந்தார். நான் விளக்கிச் சொன்ன வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தப் பாக்கத்தான் அந்த மனுசன் அவ்ளோ பேசுனாரா" என்றார். ஏமாற்றமா நிறைவா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி வந்த இரண்டாம் வருடம் அவர் இறந்தார். துறைத்தலைவர் கௌதமனிடமிருந்து ஆய்வகப் பொறுப்பைப் பிடுங்கினார். அதற்குப் பிறகு நம் ஆசிரியர் அறையில் கௌதமனுக்குக் கிடைத்த பெயர் என்ன என்பதை நான் எழுத விரும்பவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் சிலர் இரங்கல் கூட்டத்தில் கைதட்டியவர்கள்.

இப்போது முட்டை வண்டியைக் கல்லூரி வளாகத்தில் நினைவுச்சின்னமாக வைக்கப் போகிறார்களாம். கேட்டுவர லோகநாயகியிடம் இரண்டு பேரை முதல்வர் அனுப்பினார். "தாராளமா எடுத்துக்கினு போங்க. அன்னிக்கு உங்க சாரு முறை பாக்கி கீது. வந்து அவர் கையால கழுவிட்டு எடுத்துக்கினு போகச் சொல்லுங்க" என்று லோகநாயகி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதை எழுதும்வரை யாரும் போகவில்லை.

கௌதமனுடைய எளிமை, பணிவு, தியாகம் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவற்றை மேடைக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது ஓங்கோலைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்ற காலைப்பொழுதை. அன்று என் முறை. வாளியைத் தூக்கிக்கொண்டு குழியை நோக்கி நடந்தேன். பெண்பிள்ளை, பேராசிரியை, பாவம் என்று அவர் ஓடிவந்து வாங்கிக்கொள்வார் என்று பாதித் தூரம்வரை எதிர்பார்த்தேன். அவர் வரவில்லை. காரின் மூடியைத் திறந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை மட்டும் நிமிர்த்திச் சொன்னார்: "காத்து உங்க பக்கம் அடிக்குது மேடம். அந்தாண்ட நின்னு ஊத்துங்க."