காதர் பாய் வண்டியில் நான் எடுக்காமல் விட்டது

காதர் பாயின் வண்டியில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதைச் சரிசெய்யாமல் திருப்பி அனுப்பினேன். ஒருமுறை அல்ல, பலமுறை.

திருட்டு மெக்கானிக் என்று நினைப்பீர்கள். அப்படி நினைத்துவிட்டால் எனக்குச் சுலபம். காசுக்காகச் செய்திருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துத் தொலைத்திருப்பேன். இது வேறு...

புதுவாயல் கூட்டுச்சாலையைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரம் என் பட்டறை. தகரக் கூரை, பின்னால் ஓர் அறை. அந்த அறைதான் வீடு. மகள் மணமாகி ஓசூருக்குப் போனாள். அடுத்த ஆண்டே மனைவி இறந்துபோனாள். கூட வேலை செய்தவன் கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துகொண்டான். நாள் முழுக்க லாரிச் சத்தம். ஒருவர்கூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் பொழுது சாய்ந்த நாள்கள் உண்டு. அது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

காதர் பாய் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரி. பழைய டீசல் கார். வேகம் எடுக்கும்போதோ பாலம் ஏறும்போதோ திடீரென இழுவை போய்விடும். மிதித்தாலும் முனகும், பிறகு நின்றுவிடும். சற்று நேரம் ஓரங்கட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

"பேஜாரு புடிச்ச வண்டி நைனா. கம்பெனி சர்வீசுல கம்ப்யூட்டர் மாட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்றான். நீதான் பாத்துச் சொல்லணும்" என்றார் முதல் நாள்.

டீசல் ஃபில்டரை மாற்றினேன். குழாய்களில் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பார்த்தேன். இப்படி வந்து வந்து போகிற கோளாறை வண்டியை நிறுத்திவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோளாறு வரும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அதற்கு டிரையல் என்று பெயர்.

அந்த டிரையலில்தான் நான் கெட்டேன்.

பொன்னேரி சாலையில் போனோம். பாய் பேசிக்கொண்டே வந்தார். அம்மா இல்லாத பிள்ளையான தன்னைத் தூக்கி வளர்த்த அக்காவைப் பற்றி, அக்கா இப்போது சென்னையில் மகன் வீட்டில் உடம்புக்கு முடியாமல் இருப்பதைப் பற்றி. நடுவில் என் பக்கம் திரும்பி, "நாஷ்டா துன்னியா?" என்றார். சாப்பிட்டாயா என்கிற சாதாரணக் கேள்விதான். என்னை அப்படி ஒருவர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அன்று கோளாறு வரவில்லை. வந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டுதான் ஓட்டினேன்.

அடுத்த வாரம் பின் சீட்டைத் தூக்கி, டாங்க் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தேன். டீசலுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாலிதீன் துண்டு அசைந்துகொண்டிருந்தது.

பழவேற்காட்டில் படகுக்கு டீசலைக் கேனில் கொண்டுபோவார்கள். ஒழுகாமலிருக்க, கேன் வாயில் பாலிதீனை வைத்து அதன்மேல் மூடியைத் திருகுவார்கள். பாயின் மைத்துனருக்குப் படகு உண்டு. அவசரத்துக்கு அந்தக் கேனிலிருந்தே பாய் காருக்கும் ஊற்றுவார். கிழிந்த துண்டு உள்ளே விழுந்துவிட்டது. இன்ஜின் வேகமாக உறிஞ்சும்போது அது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், டீசல் ஏறாது. வண்டி நின்றதும் விலகிவிடும். அவ்வளவுதான் கோளாறு.

எடுப்பதற்குக் கம்பியைக்கூட வளைத்துவிட்டேன். அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாய் குரல் கொடுத்தார். "ஆறுமுகம், அடுத்த தபா வரச்சொல்ல ஊட்ல எறா வறுத்துக் குடுக்கச் சொல்றேன். நீ ஒண்டியா இன்னாத்த ஆக்கித் துன்ற?"

அடுத்த தபா... கோளாறு போய்விட்டால் அடுத்த தபா ஏது?

மூடியை இறுக்கினேன். "இன்னும் புடிபடல பாய். ஓட்டிப் பாருங்க, திரும்ப நின்னா எடுத்துகினு வாங்க" என்றேன்.

வந்தார். இறால் வறுவலும் வந்தது. டிரையல் போனோம். இப்படியே மழைக்காலம் கழிந்தது. நிற்கிறது, பிறகு ஓடுகிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வாங்கிவந்தேன். தொடவில்லை.

"அக்கா போன வாரம் மவுத்தாயிடுச்சி நைனா. 'தம்பியக் கூப்டுங்க'ன்னு கேட்டுக்கினே இருந்துச்சாம். போன் வந்த ஒடனே கெளம்பிட்டேன். காரனோடைப் பாலத்துல நின்னுபூட்ச்சி. ஓடும், நிக்கும், ஓடும், நிக்கும். இதோ ஓடிடும், இதோ ஓடிடும்னு உள்ளயே குந்திகினு இருந்தேன். நான் போய்ச் சேரச்சொல்ல மூஞ்ச மூடிட்டாங்க."

நான் தரையைப் பார்த்தேன். அவர் என் தோளில் கைவைத்தார். "நீ இன்னா பண்ணுவ? நீயுந்தான் எவ்ளோ நாளா மல்லுக்கட்ற" என்றார்.

என்னை அவர் தேற்றினார்... புரிகிறதா உங்களுக்கு?

வாயைத் திறந்தேன். சொன்னால் அறைந்திருப்பார். அதன் பிறகு வரவே மாட்டார். இரண்டில் எதற்கு அஞ்சி வாயை மூடினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவர் தொழுகைக்குப் போன நேரத்தில் அந்தத் துண்டை எடுத்து அடுப்பில் போட்டேன். திரும்பி வந்ததும், "டாங்குல அழுக்கு பாய், கழுவிட்டேன். இனிமே நிக்காது" என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளைத்தான் இன்றும் வைத்துக்கொண்டு சோறு தின்கிறேன்.

அதன் பிறகு பாய் வரவில்லை. பழவேற்காட்டிலிருந்து வேறு சிலர் வருகிறார்கள். "காதர் பாய் அனுப்புனாரு, நம்பிக்கையான ஆளுன்னாரு" என்கிறார்கள். உடம்பெல்லாம் கூசுகிறது.

போன மாதம் நானே போன் செய்தேன். சொல்லிவிடத்தான் செய்தேன், நம்புங்கள்.

"வண்டி சூப்பரா ஓடுது நைனா. அதான் அந்தாண்ட வர வேலையே இல்ல. நாஷ்டா துன்னியா?"

"துன்னேன் பாய்."

வைத்துவிட்டார். நான் தின்றிருக்கவில்லை.

போனைப் பிடித்தபடியே நின்றேன். தம்பியைக் கேட்டுக் கேட்டு, அவர் முகம் பாராமலே ஓர் உயிர் போனது என்னால்தான். அது தெரிந்த பிறகும், அந்த நிமிடத்தில் என் மனம் எதற்கு ஏங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி இன்னும் ஒருமுறை நின்றுபோகாதா என்றுதான்.