தலைகீழ் அப்பா

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கையில் தொழில் இருக்கிறது, மனசில் கள்ளம் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் சும்மா விடமாட்டார். கல்யாணமான புதிதில் அண்ணியை அசத்துவதாக நினைத்துக்கொண்டு மின்விசிறியைக் கழற்றி, எண்ணெய் போட்டு, ஒயரை மாற்றி மாட்டினார். அது எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்தக் கோடை முழுக்கக் கூரைதான் காற்று வாங்கியது. நாங்கள் வியர்வையில் குளித்தோம்.

குழந்தை பிறந்த மறுவாரமே அவருக்கு வெகுதூரத்தில் ஒரு பெரிய கட்டட வேலை அமைந்தது. வானத்தைத் தொடுகிற அடுக்குமாடிகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக லிஃப்டுகள். எல்லாம் முடிகிறவரை வீட்டுப்பக்கம் தலைகாட்ட முடியாது. கிளம்புகிற அன்று குழந்தையைக் கீழே விடவே மாட்டேன் என்று நின்றார்.

"நான் திரும்பி வரும்போது இவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

"தினமும் மூஞ்சியக் காட்டுண்ணா. தெரியாம எங்க போயிடும்?" என்றேன்.

போனில் முகம் பார்க்கிற வசதி இன்னும் எங்கள் கைக்கு வராத காலம். அதனால் அங்கே போனதும் முதல் வேலையாக ஒரு நெட்புக் வாங்கினார். கைக்கடக்கமான குட்டிக் கம்ப்யூட்டர். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டே கடையில் கொடுத்தார்கள். திறந்தார், வைஃபை பிடித்தது, குரல் வந்தது, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அண்ணன் முகம் பளிச்சென்று தெரிந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா?

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் ஒரு வெல்டர். கம்ப்யூட்டர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்கிற நினைப்பு அந்த மனுஷனுக்கு. "இது பொம்மை லினக்ஸ் பாஸ். இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதப் போட்டா சும்மா பறக்கும்" என்று ஏற்றிவிட்டார். இருவருமாக உட்கார்ந்து, கடையில் போட்டுக் கொடுத்ததைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். வைஃபை போயிற்று. சத்தம் போயிற்று. மூடியை மூடினால் தூங்கப்போன நெட்புக் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

அண்ணன் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார். பிரவுசிங் சென்டரில் தேடிப் பிடித்ததையெல்லாம் காகிதத்தில் எழுதிவந்து, கறுப்புத் திரையில் கட்டளைகளாக வரிவரியாகத் தட்டினார். வைஃபையை ஓடவைக்கிற டிரைவர் மென்பொருள் கிடைத்தது. சத்தம் ஹெட்போனில் மட்டும் வந்தது, அதுவும் ஒரு காதில். ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். நாங்கள் ஆவலோடு போய் உட்கார்ந்தால், திரையில் அண்ணன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா இது, வௌவால் மாதிரி?"

"கேமரா செய்யற வேலை. எனக்கு நீங்கல்லாம் நேராத்தான் தெரியறீங்க."

விஷயம் இதுதான். அந்த நெட்புக்கில் கேமராவைத் தொழிற்சாலையிலேயே தலைகீழாகப் பொருத்தியிருந்தார்களாம். கூடவே வந்த லினக்ஸுக்கு அது தெரியும். படத்தைப் புரட்டி நேராக்கி அனுப்பிவிடும். புதிதாக வந்ததற்கு அந்த ரகசியத்தை யாரும் சொல்லவில்லை. நெட்புக்கையே கவிழ்த்துப் பிடித்தால் என்ன என்று கேட்டேன். பிடித்தால் திரையும் கவிழ்ந்துவிடும், அவருக்கு நாங்கள் தலைகீழ். "என் பொண்ண நான் தலைகீழா பாக்க மாட்டேன். அவ வேணா என்னை அப்படிப் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அப்பா என்றால் மேலே வாய், கீழே கண், அதற்கும் கீழே முடி. அவ்வளவுதானே? தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள், ஒருநாள் திரையைத் தட்டி "ப்பா" என்றாள். அண்ணன் அன்றைக்குக் கட்டடத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அவள் நடக்க ஆரம்பித்த சமயத்தில் அவர் கேமராவைச் சரிசெய்துவிட்டார். யாரோ எங்கோ எழுதிவைத்திருந்த ஒரே ஒரு கட்டளை வரி போதுமாக இருந்ததாம். சவரம் செய்து, தலைவாரி, நேராக வந்து உட்கார்ந்தார். குழந்தை பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீடே அதிரும்படி கத்திக்கொண்டு அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"யாரோன்னு நினைச்சுட்டா. பழையபடியே வந்துடுங்க" என்றாள் அண்ணி.

"ரெண்டு நாள் அழுவா, அப்புறம் பழகிடுவா. அப்படியே இருண்ணா" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"என்னைப் பாத்து அவ அழ வேணாம்" என்று சொல்லிவிட்டு அந்த வரியை எடுத்துவிட்டார். மறுபடி தலைகீழானார், அவள் கைதட்டிச் சிரித்தாள். அவர் முகத்திலும் என்னவோ தெரிந்தது. கவிழ்ந்த முகத்தில் அது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வேலை முடிந்து அவர் வருகிற நாளும் வந்தது. அண்ணன் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். நேராக, ஆறடி உயரத்தில். குழந்தை ஒரே ஓட்டமாக ஓடி அண்ணியின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்து வீறிட்டாள். அந்த வெல்டர் மட்டும் அப்போது என் கையில் கிடைத்திருக்க வேண்டும்!

"பரவால்ல, விடுங்க. மெதுவா பழகட்டும்" என்றார் அண்ணன். குரல் உடைந்திருந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் அழுகை சட்டென்று நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. மேஜைமேல் அணைந்துகிடந்த கம்ப்யூட்டரிடம் போய், திரையைத் தட்டி, "ப்பா?" என்றாள்.

அண்ணன் பையைக் கீழே வைத்தார். சோபாவில் மல்லாந்து படுத்தார். லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டுப் பார்க்கிற ஆள்தானே. சோபா விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டு, "குட்டிம்மா, அப்பா இங்க இருக்கேன் பாரு" என்றார்.

அவள் திரும்பினாள். மேலே வாய், கீழே கண், அதற்கும் கீழே முடி. தத்தித் தத்தி வந்தாள். மூக்கைத் தொட்டாள், வாய்க்குள் விரலை விட்டாள். "ப்பா" என்றாள், இந்த முறை கேள்வியே இல்லை. அண்ணனின் கண்ணீர் கன்னத்தில் இறங்க வழியில்லாமல் நெற்றியில் வழிந்தது. அதை அவள் உள்ளங்கையால் பூசிப் பூசி விளையாடினாள்.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதுங்க, எழுந்திருங்க. ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிடும்" என்றாள்.

"சும்மா இரு" என்றார் அண்ணன். "நல்லா ஓடிட்டிருக்கு. யாரும் எதையும் தொடாதீங்க."