டாக்டர் பெலிக்ஸ் வாய்வை எதிர்த்த வரலாறு

தொண்ணூறுகளின் தொடக்கம் வரை திண்டுக்கல்லில் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. வந்ததெல்லாம் வாய்வு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு வாய்வு முட்டியிருக்கும். ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பார்கள். இடது தோள் கடுத்தால் வாய்வு ஏறியிருக்கும். பூண்டைச் சுட்டுக் கொடுப்பார்கள். ஏப்பம் விட்டவர் பிழைத்தார். ஏப்பம் வருமுன் சாய்ந்தவருக்கு ஆயுசு அம்புட்டுத்தான். இப்படிக் குழப்பமில்லாமல் நடந்துகொண்டிருந்த ஊருக்குள், இதயத்துக்கென்றே தனியாகப் படித்த பட்டத்தோடு டாக்டர் பெலிக்ஸ் வந்து சேர்ந்தார்.

அவருக்கும் வாய்வுக்கும் குடும்பப் பகை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த அவருடைய அப்பா, ஒரு காலையில் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து, நெஞ்சு கரிக்கிறது என்றார். இரண்டு சோடா கொடுத்தார்கள். மூன்றாவதை உடைப்பதற்குள் போய்விட்டார். வயது நாற்பத்தொன்பது. பெலிக்ஸ் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார். அண்ணன் ஆரோக்கியதாஸ் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கினார். தம்பி டாக்டரான பிறகும் ஏறவில்லை. அந்த அண்ணன் அப்பாவின் வயதைத் தாண்டிவிட வேண்டும். டாக்டரின் லட்சியம் இவ்வளவுதான். பின்னாளில் அவர் செய்த ஆராய்ச்சி, முகாம், கருவி எல்லாம் இந்த ஒரு கல்யாணத்துக்குப் போட்ட பந்தல்.

ஆராய்ச்சி சுவரில் தொடங்கியது. எந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அவர் அலுவலகங்களில் ஏறி இறங்கினார். அங்கே எல்லாருக்கும் இறப்பின் காரணம் ‘இயற்கை’ என்றே இருந்தது. ஆனால் திண்டுக்கல்லில் செத்தவர் யாரும் சுவரில் ஏறாமல் போவதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பெயர், பிறந்த நாள், இறந்த நாள், தொழில், பங்காளிகளின் பட்டியல் எல்லாம் உண்டு. டாக்டர் தினமும் காலையில் ஸ்கூட்டரில் போய்ச் சுவர்களைப் படித்தார். ஐம்பதுக்குள் போனவர் என்றால் அந்த வீட்டைத் தேடிப்போய், கடைசியில் என்ன குடித்தார் என்று கேட்டார். சோடா என்றார்கள்.

சிரமங்களும் இருந்தன. போஸ்டர் ஒட்டுகிற பசை மைதா மாவில் காய்ச்சுவது. அய்யலூர்ச் சந்தைக்குப் போகிற ஆடுகள் வழியில் அதை மோப்பம் பிடித்தால் மூலையிலிருந்து கிழித்துத் தின்றுவிடும். ‘சில தரவுகள் ஆடுகளால் இழக்கப்பட்டன’ என்று டாக்டர் தம் கட்டுரையில் நேர்மையாக எழுதினார். சென்னை மாநாட்டில் அதை வாசித்தபோது அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பேராசிரியர், அந்த ஆடுகளுக்குக் கொலஸ்டிரால் பார்த்தீர்களா என்று விசாரித்தார். கட்டுரையின் முடிவு, இந்த ஊர் ஆண்கள் பத்து வருடம் முன்னதாகவே சாகிறார்கள் என்பது. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்து வருமுன் காப்பதில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்த்தார். நோய் இல்லாதவனைக் கூப்பிட்டு நோயாளியாக்குகிற ஒரே டாக்டர் என்று பெயர் கிடைத்தது. மாத்திரை தின்று நன்றாக இருந்தவர்கள், நமக்குத்தான் ஒன்றுமில்லையே என்று மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்திச் செத்தவர்களின் வீட்டார், மாத்திரை கொடுத்தும் காப்பாற்றவில்லை என்றார்கள். வந்த நோயைத் தீர்த்தவனுக்கு மாலை போடலாம். வராத மாரடைப்புக்கு எந்தக் கழுத்தில் போடுவது? தாம் காப்பாற்றிய ஆள் இவர்தான் என்று விரல் நீட்டிக் காட்ட டாக்டருக்கு ஊரில் ஒருவர்கூட இல்லை.

அண்ணனுக்கும் அழுத்தம் இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் இதயத்தின் இடப்பக்கச் சுவர் தடித்துப்போனதற்கான அடையாளம் தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், உப்பைக் குறைத்தார், பீடியைப் பிடுங்கினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திண்டுக்கல் வந்து காட்டச் சொன்னார். அண்ணன் வருடத்துக்கு ஒருமுறை வந்தார்.

“ஏலே பெலிக்சு, ஒன் ஆஸ்பத்திரியில நான் உக்காந்திருந்தா அங்கன பூவு மொட்டாவே இருக்குமா? அதுக்குச் சொல்லிக் குடுத்துருக்கியா?”

மல்லிகை காத்திருக்காது என்பது நிலக்கோட்டையின் முதல் கட்டளை. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் ஆஸ்பத்திரி அண்ணனிடம் போகவேண்டும். அப்படித்தான் டாக்டர் தொழில்நுட்பத்துக்குள் நுழைந்தார். டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. அதன் ஒயர்களை நெஞ்சில் ஒட்டி, டெலிபோன் ரிசீவரைப் பெட்டியின் மேல் கவிழ்த்தால், இதயத்துடிப்பு கீச்சுக்கீச்சென்று சத்தமாக மாறித் திண்டுக்கல்லுக்கு வரும். இங்கே இன்னொரு பெட்டி அதைக் காகிதத்தில் கோடாக வரையும். நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு எதிரில் சனாவுல்லா என்பவர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பூத்துக்குப் பின்னால் திரை கட்டி, பெஞ்சு போட்டு, அவருடைய மனைவிக்கு ஒயர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்களுக்கு, டாக்டர் எவ்வளவு தடுத்தும், சோடா வழங்கப்பட்டது.

பெட்டி நன்றாகவே வேலை செய்தது. முதல் வருடமே ஒரு கூடை வியாபாரியையும் வேன் டிரைவர் ஒருவரையும் உரிய நேரத்தில் திண்டுக்கல்லுக்கு ஏற்றிவிட்டது. இருவரும் நடந்து வீடு திரும்பினார்கள். அறுபது ஊர்களில் இதே பெட்டியை வைக்கும் திட்டம் ஒன்று சென்னைக்குப் போய், அங்கே ஒரு குழுவின் தலையசைப்புக்குக் காத்திருந்தது.

இரண்டாயிரத்து இரண்டு, ஆவணி மாதம். மறுநாள் பெரிய முகூர்த்தம். மல்லிகை விலை காலையிலிருந்து மணிக்கொருதரம் ஏறிக்கொண்டிருந்தது. பூத்திலிருந்து போன் வந்தது. சனாவுல்லா, ஒங்க அண்ணன் பேரு சார், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்காம் என்றார். பெட்டி கீச்சிட்டது. காகிதம் ஓடியது.

டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு அத்தனை சுத்தமாக இருந்தது. பழைய ஈ.சி.ஜி.யை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் மலைபோல நின்ற முனைகள் இதில் அடங்கியிருந்தன. தடித்த சுவர் இளைத்துவிட்டது! மாத்திரை வேலை செய்திருக்கிறது. பத்து வருடமாகத் தேடிய, விரல் நீட்டிக் காட்டக்கூடிய அந்த ஓர் ஆள் கடைசியில் கிடைத்துவிட்டார். அதுவும் சொந்த அண்ணனாக. இம்மாதிரி வேளையில் காகிதத்தைச் சந்தேகிக்கிறவன் விஞ்ஞானி. டாக்டர் அன்று தம்பியாக இருந்தார். அடுத்த மாநாட்டில் இரண்டையும் பக்கம் பக்கமாகத் திரையில் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்தார்.

“ஒண்ணுமில்ல சனாவுல்லா. இதயம் கல்லு மாதிரி இருக்கு. வெறும் வாய்வுதான்னு சொல்லிருங்க.”

அந்தச் சொல் தம் வாயிலிருந்து வந்ததை அவர் கவனிக்கவில்லை.

சேதி சந்தைக்குப் போனது. அண்ணன் ஒரு சோடா குடித்துவிட்டு ஏலத்தில் நின்றார். மறுநாளும் நின்றார். மூன்றாம் நாள் காலையில், பூக்கூடை பக்கத்தில் அப்பா உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார். நாற்பத்தொன்பதுக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன.

சாவுவீட்டில் டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூளை ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமான கோடு, மூன்றே நாளில் எப்படி? அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின் அண்ணன் மனைவி புஷ்பமேரி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

“தம்பி, அன்னைக்கு அவரு பூத்துக்கு வரவே மாட்டேன்னுட்டாரு. வெல ஏறிக்கிட்டிருக்கு, செத்த நேரம் கழிச்சுப் போறேன்னாரு. மனசு கேக்கல. நானே போயி அவரு பேரைக் குடுத்துப் படுத்து எடுத்துட்டு வந்தேன். நல்லா இருக்குன்னுதான சொன்னீக? பெறகு எப்புடித் தம்பி?”

அதில் தப்பு எங்கே என்று மதினிக்குத் தெரியவில்லை, தெரிய வழியுமில்லை. காய்ச்சலில் கிடக்கிறவர் பேருக்குப் பெண்டாட்டி போய்ப் பூசைக்குக் காசு கொடுக்கிறாள்; சாமியார் பீடத்தில் நின்று அந்தப் பேரைத்தான் வாசிக்கிறார், ஆள் எங்கே என்று கேட்பதில்லை. பலன் போகவேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. கடவுளுக்கே பேர் போதும் என்றால் ஒரு டிபன் டப்பாவுக்குப் போதாதா? பூத்தில் சனாவுல்லாவும், யாரு பேருக்கு என்றுதான் கேட்டிருப்பார். டிரங்க் கால் காலத்திலிருந்து பதிந்த பழக்கம். பதிகிறவர் ஒருவர், பேசுகிறவர் ஒருவர். திரைக்குப் பின்னால் படுத்தது யார் என்று ரிசீவர் சொல்லாது. அடங்கியிருந்த முனைகள் மட்டும் சொல்லிப் பார்த்தன. அதைக் கேட்கவேண்டியவர் அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

“என்ன தம்பி? நான் எதுவும் தப்பாப் பண்ணிட்டேனா?”

பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசற்படியில் நின்றிருந்தார்கள். இப்போது சொல்கிற வார்த்தை மாலைக்குள் சந்தையைச் சுற்றி வந்துவிடும்.

“நீங்க ஒண்ணும் பண்ணல மதினி,” என்றார் டாக்டர். “மெஷின்தான் கோளாறு. அது தப்பாக் காட்டிருச்சு.”

மறுநாளிலிருந்து நிலக்கோட்டையில் ஒருவரும் அந்தப் பெஞ்சில் படுக்கவில்லை. டாக்டரின் அண்ணனையே கொன்ற பெட்டி என்று பேர் வந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்த சனாவுல்லா, மெஷின் மேல தப்பில்லையே சார், அன்னைக்கு வந்து படுத்தது என்று ஆரம்பித்தார். டாக்டர் அவர் கையைப் பிடித்து, பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். சனாவுல்லா புரிந்துகொண்டு அந்தக் கதையை அங்கேயே விழுங்கினார். சென்னைக் குழு காரணம் கேட்டு எழுதியது. கருவி நம்பகமானதல்ல என்று டாக்டர் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறுபது ஊர்களுக்கும் பழையபடி சோடாதான் என்றாயிற்று. அந்த ஊர்ச் சுவர்களை அவர் பிறகு படிக்கவில்லை.

இப்போது அவர் வருகிற நோயாளிகளைப் பார்க்கிற சாதாரண இதயநோய் டாக்டர். கூட்டம் நன்றாக இருக்கிறது. வருமுன் காப்பது பற்றி யாராவது பேசக் கூப்பிட்டால், நேரமில்லை என்கிறார். இரண்டு ஈ.சி.ஜி.களும் மேசை டிராயரில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று போய்விட்ட இதயம். மற்றது அறுபதை நெருங்கியும் தோட்டத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறது; கல்லு மாதிரி இருக்கிறது.

வருடாவருடம் அண்ணனின் நினைவு நாளில் புஷ்பமேரி இரண்டு பூசைக்குக் கொடுக்கிறார். ஒன்று அண்ணன் பேருக்கு. இன்னொன்று டாக்டர் பெலிக்ஸ் பேருக்கு: அவருடைய மெஷின் இனிமேலாவது தப்பில்லாமல் அமையவேண்டும் என்று. சாமியார் பேரை வாசிக்கிறார். டாக்டர் அந்தப் பூசைக்குப் போனதில்லை.