முகம் எது, முதுகு எது

தேநீர்க் குவளையைக் கழுவிக் கவிழ்க்குமுன் அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். சட்டைப் பொத்தானோ பேருந்துச் சீட்டோ, கைக்கு வந்ததைப் புரட்டிப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டாள். "மொகம் எது, முதுகு எதுன்னு தெரியாம ஒண்ணத் தொடக்கூடாது" என்பாள். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முதுகக்கா என்றே பெயர்.

தையற்காரக் கணவர் அலுத்துக்கொள்வார்: "துணி வெட்டற நானே இவ்வளவு பாக்கறதில்ல."

"உள்பக்கம் வெளிய தெரிய சட்டைய மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்கு வந்தது யாராம்?" என்று அவளும் விடமாட்டாள்.

அவள் வேலை மெருகேற்றுவது. அணு உலைக்கு எரிபொருளாக உதவுமா என்று சோதிக்கிற ஆக்சைடு வில்லையை, அரிசியைவிடச் சற்றே பெரிய துண்டுகளாக அறுத்து, கண்ணாடிபோல் தேய்த்து, சிறு உலோகத் தட்டில் மெழுகு வைத்து ஒட்டித் தருவாள். அந்த ஆக்சைடு அடுக்கடுக்கானது. கணவர் கடையில் மடித்து வைத்த துணியைப்போல அணுக்கள் தட்டுத் தட்டாக உட்கார்ந்திருக்கும். உலைக்குள் கதிர்வீச்சு அதை என்ன பாடு படுத்தும் என்றறிய, முதலில் ஒரு பக்கத்தை மட்டும் அயனிக் கற்றையால் அடித்துப் பார்ப்பார்கள்.

"அடுக்கின துணிமேல கல்லெறிஞ்ச மாதிரிதான். சட்டை இருந்த எடத்துல துண்டு, துண்டு இருந்த எடத்துல சட்டை. அப்புறம் மடிப்பே இல்லாம உப்பிக்கிட்டு நிக்கும்" என்பாள். அந்த அடி மயிரிழை ஆழம்கூட இறங்காது. முகம் வாங்கிய அடி முதுகுக்குத் தெரியவே தெரியாது.

அதனால்தான் ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலையைச் சீவிவிடுகிறாள், கைபேசியின் சிம் அட்டையைப்போல. நீளவாக்கில் படுக்கவைத்தால் மேலே வலது மூலை சீவியிருப்பது முகம். இடது மூலை என்றால் முதுகு.

போன மாதம் துறைத் தலைவர் முகமெல்லாம் பல்லாக வந்து நுண்ணோக்கிப் படமொன்றைச் சுவரில் ஒட்டினார். அடி வாங்கிய துண்டில் அடுக்குகள் அப்படியே இருந்தன.

"அக்கா, அசையவே இல்ல பாருங்க! இன்னைக்கே அறிக்கை போகுது. அடுத்தது நேரா உலைக்குள்ளதான்."

படத்தின் ஓரத்தில் முழுத் துண்டும் சிறிதாகத் தெரிந்தது. சீவிய மூலை மேலே இடப்பக்கம் இருந்தது.

"சார், நீங்க பாத்தது முதுகு."

"என்னக்கா வெளையாடறீங்க? அடி வாங்கினப்புறம் நுண்ணோக்கிக்கு ஒட்டினதே நீங்கதானே?"

"நான்தான். ஒருவாட்டி பெரட்டி மொகத்த மேல வச்சேன், பேச்சுவாக்குல இன்னொருவாட்டி பெரட்டிட்டேன் போல. தப்பு என்னோடது. அதுக்காக முதுகு மொகமாயிடுமா?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் கை செய்த முதல் பிழை அது. தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய தெரிஞ்சா எல்லாரும் உங்களத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. வாய் இருக்கு, சொல்றேன்."

மெழுகை இளக்கி, இடுக்கியால் துண்டைப் புரட்டி ஒட்டினாள். நுண்ணோக்கித் திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். முகம் தெரிந்தது. அடுக்குகளைக் காணோம். உப்பிக் கிடந்த பரப்பில் விரிசல்தான் ஓடியது.

அறிக்கை அன்று போகவில்லை. தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "செவுத்துல இருக்கிறதக் கிழிச்சிடலாமா அக்கா?"

"எதுக்கு? நல்ல முதுகு சார் அது. அடி வாங்காதது எப்படி இருக்கும்னு பக்கத்துல வச்சுக் காட்ட வேணாமா?"

சுவரிலிருந்து படத்தை உரித்தெடுத்தாள். திருப்பிப்போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் 'முதுகு' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.