மாதாவைச் சுமந்த படகும் ஒரு வெள்ளைப் பெட்டியும்

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸின் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் மீன் கறியை எதிர்பார்க்கக் கூடாது. முகத்துவாரத்துக் கடற்காற்று ஜன்னலால் நுழைந்து மேசைவிரிப்பைத் தூக்கும் வீடு அது. மீன் ஏற்றுமதிக் கந்தோர் ஒன்றில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளின் வீடு. ஆனாலும் அவளுடைய சட்டியில் இப்போது பருப்பும் கத்தரிக்காயும்தான் கொதிக்கின்றன. காரணம் கேட்டால் முகத்தைச் சுளிப்பாள்.

"அருவருப்பா இருக்கு" என்பாள். அவ்வளவுதான்.

அந்த அருவருப்பு மீனில் தொடங்கியதல்ல. ஒரு மனிதனில் தொடங்கியது.

கொன்ஸ்ரன்ஸின் கணவன் இறந்தபோது மகள் ஷெரோமி தொட்டிலில் இருந்தாள். பால்மாவுக்கும் வழியில்லாமல் நின்றவளை அழைத்து, மேசையும் கதிரையும் கொடுத்து உட்கார வைத்தவர் றேமண்ட். ஏற்றுமதிக் கம்பனியின் முதலாளி. அண்ணனின் பள்ளித் தோழர். ஞானஸ்நானத் தொட்டியருகே ஷெரோமியை ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் அவரே. கந்தோரில் அவரை 'சேர்' என்பாள், வெளியே 'அண்ணா' என்பாள். இரவுச் செபத்தில் அவருடைய பெயரைச் சொல்லாமல் அவள் படுத்ததே இல்லை. பாவம், எவ்வளவு செபம் வீணாகப் போயிற்று!

வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு கெலவல்லாச் சூரை மீனுக்கும் அது எந்தப் படகில், எந்தக் கடலில், எந்த நாட்களில் பிடிபட்டது என்று எழுதிக் கையொப்பம் இடுவது அவளுடைய வேலை. "நான் மீனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எழுதுறவள்" என்று சிரிப்பாள். விளையாட்டாகச் சொன்னாலும் அந்த வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது. இந்து சமுத்திரத்தில் சூரை இனங்கள் குறைந்துகொண்டே போகின்றன. கொடியும் பெயரும் இல்லாத கப்பல்கள் குஞ்சு குருமான்களையும் அள்ளிக்கொண்டு போகின்றன. பெயரில்லாத மீனுக்குச் சந்தையில் இடமில்லை என்றால், பெயரில்லாத கப்பலுக்குக் கடலில் வேலையில்லை. தன்னுடைய கையொப்பம் கடலுக்கு ஒரு வேலி என்று அவள் நம்பினாள்.

அந்த வருடம், முகத்துவாரத்து மாதா பெருநாளில் சொரூபத்தைக் கடலில் சுமக்கும் பேறு றேமண்டின் 'விண்மீன் மாதா' படகுக்குக் கிடைத்தது. மாதா ஏறும் படகில் தூண்டிலோ கத்தியோ வலையோ எதுவும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தளத்தைக் கழுவிப் பன்னீர் தெளிப்பார்கள். அங்குள்ளவர்களின் வழக்கம் அது.

காகிதப் பூ கட்டுவதற்குப் போயிருந்த கொன்ஸ்ரன்ஸ், இரண்டு பேர் படகின் கூரையில் ஏறி ஒரு வெள்ளைப் பெட்டியைக் கழற்றுவதைக் கண்டாள். படகு எங்கே நிற்கிறது என்று வானத்துச் செய்மதி மூலம் அரசாங்கத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் பெட்டி அது.

"அதை ஏன் அண்ணா கழட்டுறாங்க?"

"தாய் ஏறுற படகு, தங்கச்சி. தொழில் சாமான் ஒண்டும் இருக்கக் கூடாது. அதுவும் தொழில் சாமான்தானே?"

கொன்ஸ்ரன்ஸின் கண்கள் நிறைந்துவிட்டன. என்ன பக்தி! என்ன மனம்! மறுநாள், அவரே காணிக்கை கொடுத்த, தங்க நூலால் அவர் பெயரும் அந்த வருடமும் பின்னப்பட்ட புதிய பட்டுக் குடையின் கீழ், மாதாவுக்குப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற றேமண்டின் மீதும் சேர்த்துத்தான் அவள் பூக்களை எறிந்தாள்.

பெருநாள் முடிந்து சில வாரங்களில் அந்தச் சரக்கு வந்தது. நிறைக்கு மீறிய மீன் எண்ணிக்கையைக் கண்ட சந்தேகத்தில் கொன்ஸ்ரன்ஸ் குளிர் அறைக்கு இறங்கிப் போனாள். பெரிய கண் கெலவல்லா. ஆனால் முட்டையிடும் வயதுக்கே வராத பிஞ்சுகள். ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கி, வயிறு வெடித்து, குடல் பிதுங்கிக் கிடந்தன. ஒரு மூலையில், பழுப்பேறிய சதைத் துண்டுகளுக்கு ஏதோ வாயுவை ஏற்றித் தக்காளிச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். செத்ததற்கு உதட்டுச்சாயம் பூசியது போல! அவள் வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடி வந்தாள். மேசையில் பத்திரம் காத்திருந்தது. பிடித்த படகு 'விண்மீன் மாதா'. பிடித்த நாட்கள், பெருநாள் வாரம்.

றேமண்டின் அறையில் திருஇருதயப் படத்தின் முன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, இந்த மீன் எங்க பிடிச்சது?"

"கடல்ல. பின்ன என்ன, பேர வாவியிலயா?"

"விண்மீன் மாதா அண்டைக்குத் துறைமுகத்தில நிண்டது. நான்தான் பூ கட்டினனான்."

றேமண்ட் கதிரையில் சாய்ந்தார். முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை.

"படகு நிண்டது. பெட்டி போச்சு. வெளிநாட்டுக்காரன் பெட்டியைத்தான் பார்ப்பான், உன்ர காகிதப் பூவை இல்ல."

கழற்றிய பெட்டியை, ஆழ்கடலுக்குப் போக அனுமதியில்லாத தன்னுடைய இன்னொரு படகில் பூட்டி அனுப்பியிருந்தார். அந்தப் படகு நடுக்கடலில் ஒரு பெயரில்லாக் கப்பலிடமிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு திரும்பியது. இதை அவரே ஏதோ சாதனை போலச் சொன்னார்.

"அநாதை மீனுக்கு நாங்க ஒரு பேர் வச்சம். ஞானஸ்நானம் குடுத்தம் எண்டு நினையன்!" என்று சொல்லித் தன் பகிடிக்குத் தானே குலுங்கிச் சிரித்தார்.

கொன்ஸ்ரன்ஸ் மேசைமேல் இருந்த அவருடைய கையைப் பார்த்தாள். ஷெரோமியை ஏந்திய கை அல்லவா அது?

"என்ர பிள்ளையைத் தூக்கின கையை வச்சுக்கொண்டா இப்பிடிக் கதைக்கிறீங்க?"

"அந்தக் கைதான் உனக்குச் சோறும் போட்டது. சைன் பண்ணு."

அவள் போடவில்லை. அவர் தானே கையொப்பமிட்டு அனுப்பினார். ஆனால் சரக்கை வாங்கும் நாடு அதை உள்ளே விடவில்லை. இவ்வளவு சின்ன மீன் எங்கிருந்து வந்தது, விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டது. கடற்றொழில் அதிகாரி சாமினி, முதலாளியோடு பத்திரங்களுக்குப் பொறுப்பான கொன்ஸ்ரன்ஸையும் நேரில் வரச் சொன்னாள்.

"ஓம் எண்டு ஒரு சொல்லு சொன்னாப் போதும். இல்லாட்டி அப்பிடியே வீட்ட போ. கந்தோர்ப் பக்கம் வராத" என்றார் றேமண்ட்.

வீட்டில் கொன்ஸ்ரன்ஸ் அழுதாள். இந்த வயதில் யார் வேலை தருவார்கள்? தூக்கிவிட்டவரைக் காட்டிக் கொடுப்பதா? வெள்ளவத்தையில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருக்கும் ஷெரோமி, பையைக்கூட வைக்காமல் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"வேலை போனா நான் பாக்கிறன், அம்மா. ஆனா அந்த ஆளிட நன்றியை இனி வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்கோ. நாறுது."

சாமினியின் கணினித் திரையில் நீலக் கடலின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி நின்றது.

"படகு அந்தக் கிழமை ஆழ்கடல்லதான் நிண்டிருக்கு எண்டு சிஸ்டம் காட்டுது. நீங்க உறுதிப்படுத்துவீங்களா, மிஸ்?"

றேமண்ட் தொண்டையைக் கனைத்தார். கொன்ஸ்ரன்ஸ் அவர் பக்கம் திரும்பாமல் சாமினியைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப மாதாவும் கெலவல்லா பிடிக்கப் போனவவோ, மிஸ்? அண்டைக்கு அந்தப் படகில மாதா நிண்டவ."

"போன வருஷத்துப் பெருநாளை நினைச்சுக் கதைக்கிறா" என்று றேமண்ட் சிரித்தார். "வயசு போகுது, மிஸ். மறதி."

"சேர் உங்களுக்கு வாட்ஸ்அப்பில மெசேஜ் அனுப்புறவர்தானே?" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "அதில அவற்ற பேருக்குப் பக்கத்தில இருக்கிற படத்தைப் பெரிசாக்கிப் பாருங்கோ."

சாமினி பார்த்தாள். மாலையோடு றேமண்ட். அருகே மாதா. படகின் முன்புறத்தில் அதன் பெயர். தலைக்கு மேல் பட்டுக் குடையில் அவருடைய பெயர், அதன் கீழே அந்த வருடம். தன்னுடைய பக்தியை ஊர் பார்க்கட்டும் என்று அவரே வைத்த படம்! சாமினியின் விரல் படகின் கூரையில் போய் நின்றது.

"கூரையில பெட்டியைக் காணேல்ல, சேர்?"

றேமண்டின் வாயில் முதலில் வந்தது அந்தப் பழைய பக்திதான்.

"அது… பெருநாளுக்குத் தொழில் சாமான் எல்லாம் கழட்டிறது எங்கட வழக்கம், மிஸ். மாதாவுக்கு மரியாதை."

கொன்ஸ்ரன்ஸை அழ வைத்த அதே வசனம். சாமினி அழவில்லை.

"நல்லது. துறைமுகத்தில கழட்டின பெட்டி நடுக்கடலுக்கு நீந்தியா போச்சு?"

சரக்கு நிராகரிக்கப்பட்டது. 'விண்மீன் மாதா'வின் அனுமதி நிறுத்தப்பட்டது. கொன்ஸ்ரன்ஸ் அன்று கந்தோருக்குத் திரும்பவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக்கூட எடுத்து வரவில்லை. செத்த அந்தப் பிஞ்சுகளுக்கு யாரும் உயிர் கொடுக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பொய்ப் பெயரோடு அவை யாருடைய தட்டுக்கும் போகவில்லை.

றேமண்டை ஊர் ஒதுக்கியதா என்று கேட்கிறீர்களா? ஊராவது, ஒதுக்குவதாவது! "மனிசன் எண்டா ஒரு பிழை விடுறதுதான்" என்றது பெருநாள் குழு. குடை நல்ல பட்டு அல்லவா?

அடுத்த பெருநாளுக்கு வேறொரு படகு மாதாவைச் சுமந்தது. கூரையில் வெள்ளைப் பெட்டி அப்படியே இருந்தது. எந்தப் பெருநாளுக்கும் அதைக் கழற்றக் கூடாது என்று கட்டளை வந்திருந்தது. யாரோ அதைச் சுற்றியும் காகிதப் பூ கட்டியிருந்தார்கள். அதைக் கண்டபோது மட்டும் கொன்ஸ்ரன்ஸ் புன்னகைத்தாள்.

படகு கரையை நெருங்கியது. மாதாவுக்குப் பக்கத்தில், அதே தங்க நூல் குடையின் கீழ், கைகூப்பிக் கண்மூடி நின்றார் றேமண்ட். சுற்றியிருந்தவர்கள் பூக்களை அள்ளி எறிந்தார்கள். கொன்ஸ்ரன்ஸின் கை உயர்ந்தது, பிறகு தாழ்ந்தது. எறிந்தால் அந்தத் தலையிலும் விழுமே!

"எறியுங்கோவன், அம்மா" என்றாள் ஷெரோமி.

"படகு போகட்டும்."

படகு தாண்டிப் போனது. கொன்ஸ்ரன்ஸ் கற்களில் இறங்கி, மடியிலிருந்த பூக்கள் முழுவதையும் வெறும் கடலில் போட்டாள்.