ஆற்றில் விடாதீர்கள் என்று சொன்னவர்

சுலோசனா மேடம் இறந்துபோன செய்தியைச் சொன்னவர் அவருடைய தம்பி ரங்கராஜ். கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். "காலைல காப்பி குடிச்சுட்டு நாற்காலில உக்காந்தாங்க சார். அப்புறம் எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். நான் பெங்களூரில் மகள் வீட்டில், காலில் மாவுக்கட்டோடு கிடந்தேன். போக முடியவில்லை. அந்தக் கோபம் இன்னும் என்மேலேயே இருக்கிறது.

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் அவரிடம் படித்தவர்களுக்காகவும், ஆசிரியர் அறையில் அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் தாவரவியல், இரண்டாவது வகை.

ஒருமுறை பாசி சேகரிக்க அவரோடு சத்தியமங்கலம் பக்கம் பவானி ஆற்றுக்குப் போனேன். முழங்கால் தண்ணீரில் என்னை நிறுத்தி, கீழே பார்க்கச் சொன்னார். அயிரை மீன்கள் மணலை வாயில் அள்ளி, தின்ன வேண்டியதைத் தின்று, மிச்சத்தைச் செவுள் வழியாகத் துப்பிக்கொண்டிருந்தன. அப்படிக் கிளறிக்கொண்டே இருப்பதால்தான் சேறு படிந்து இறுகாமல் மணல் பொலபொலவென்று இருக்கிறது, அதில்தான் மற்ற மீன்களின் முட்டை மூச்சுவிடுகிறது என்றார். வெள்ளம் வந்து ஆறு வயலுக்குள் ஏறும்போது இவையும் கூடவே ஏறி, மேய்ந்து கொழுத்துத் திரும்புமாம். "நாம தண்ணியத்தான் பாக்கறோம் சார். ஆறு இருக்கறது தரையில" என்றார். எனக்கு அந்த மீன் குழம்பில்தான் பழக்கம் என்றேன். அன்று முழுக்க அவர் என்னோடு பேசவில்லை.

ஓர் ஆடிப்பெருக்கன்று பவானிக் கரையில் நடந்ததும் நினைவிருக்கிறது. பூவும் மஞ்சளும் ஆற்றில் விட வந்த ஒரு குடும்பம், கூடவே ஒரு வாளியில் பெரிய மீன் ஒன்றையும் கொண்டுவந்திருந்தது. கண்ணாடித் தொட்டியில் பாசியைச் சுரண்டித் தின்பதற்காகக் கடைகளில் விற்கிறார்களே, ஓடு போர்த்திய டேங்க் கிளீனர், அதுதான். தென் அமெரிக்க ஆறுகளில் அதுவும் நல்ல பிள்ளையாகத்தான் அடித்தரையில் மேய்கிறது. இங்கே அதை அடக்க ஆளில்லை. கரையைக் குடைந்து முட்டை இடும், கரை சரியும், பாசியோடு மற்ற மீன்களின் முட்டையும் போகும். மேடம் சேலையோடு தண்ணீருக்குள் ஓடினார்.

"ஏனுங்க அம்மணி, உட்டுறாதீங்க!"

"தொட்டி பத்தலீங்க மேடம். கொல்ல மனசு வரல. பாவம், ஆத்துல பொழைச்சுக்கட்டுங்க" என்றார் அந்த வீட்டுப் பெண்.

"அது பொழைச்சுக்கும் கண்ணு. மத்ததுதான் பொழைக்காது."

"அப்ப நீங்களே வளத்துங்க. கொல்ல மாட்டேன்னு சொல்லுங்க, தாரேன்."

மேடம் வாக்குக் கொடுத்து வாங்கிவந்தார். வடவள்ளியில் அவர் வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டியது அதற்காகத்தான். பிறகு மீன் கடைகளில் போய்ச் சொல்லிவைத்தார். வேண்டாதவர்கள் கொண்டுவந்து கொடுக்க, தொட்டி நிறைந்தது. ஆற்றில் பிடிபட்டதை மட்டும் தயங்காமல் கொன்று தென்னைக்குக் கீழே புதைப்பார். ஏன் இந்தப் பாரபட்சம் என்று சீண்டினால், "வாக்குக் குடுத்துட்டேன் சார், என்ன பண்றது?" என்பார்.

போன வருடம் அதே கரையில் மீனவர் ஒருவர் வலையை இழுத்துப் போட்டார். அயிரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் அந்த டேங்க் கிளீனர் ஓட்டு மீன். "வலையவே கிழிச்சுப்போடுதுங்கம்மா. திங்கவும் ஆகாது, விக்கவும் ஆகாது" என்றார். மேடம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். திரும்பும் வழியில், "இனி அந்தத் தொட்டிய வெச்சிருந்து என்ன சார் பிரயோசனம்?" என்று கேட்டார். ஆனாலும் மறுநாள் காலையில் அவர் தொட்டி கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

கட்டுப் பிரித்ததும் வடவள்ளிக்குப் போனேன். தொட்டியில் பாதித் தண்ணீர் கிடந்தது, மீன்களைக் காணோம். ரங்கராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா அதுங்கள எவ்வளவு பாசமா வளத்தாங்க! கருமாதி அன்னிக்கு, அவங்க பேர்ல புண்ணியமா இருக்கட்டும்னு, எல்லாத்தையும் பவானில கொண்டுபோய் உட்டுட்டேனுங்க."

அழுகிற மனிதரிடம் என்ன சொல்வது? ஊரெல்லாம் சொன்னவர் சொந்தத் தம்பியிடம் சொல்ல மறந்திருக்கிறார். மேடத்தின்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மேடம், இப்படியா விட்டுவிட்டுப் போவது?

தொட்டிக்குள் கிடந்த உடைந்த குழாய்க்குள் ஒரு மீன் மட்டும் தப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வாளியில் எடுத்துவந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான், இதோடு சேர்ந்த அவருடைய வாக்கும். என் வீட்டுத் தொட்டியில் விட்டு, வெள்ளரித் துண்டு போட்டு வளர்க்கிறேன். எனக்கும் வயதாகிறது, அவர் செய்த தவற்றை நான் செய்யக்கூடாது என்று, போன வாரம் வந்திருந்த மகளிடம் தெளிவாகச் சொன்னேன்: நான் போன பிறகு இதை ஆற்றில் விடாதே, வாக்கு என்னோடு முடிந்தது, கொன்று புதைத்துவிடு.

அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, பாவம்ப்பா" என்றாள்.